பலகைக்கு ஐந்து நட்சத்திரம், பிளக்குக்கு ஒன்றுகூட இல்லை

சுவரில் மிதப்பது போலத் தெரியும் மர ஷெல்ஃப் செட் ஒன்றை வாங்கி, மாட்டி, சாமான்களையும் அடுக்கிப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன். கம்பெனி பெயர் போடவில்லை. கிட்டத்தட்ட இதே பெட்டி, இதே படம், வேறு வேறு பெயர்களில் விற்கிறது. ஒரு பெயரைச் சொல்லி உங்களுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மரம் அருமை, கூட வரும் ஸ்க்ரூவும், அதைப் பிடித்துக்கொள்ளச் சுவர்த் துளைக்குள் அடிக்கும் பிளாஸ்டிக் பிளக்கும் குப்பை. பெட்டி மேல் அச்சடித்திருக்கும் ‘ஒவ்வொன்றும் 15 கிலோ தாங்கும்’ என்ற வரியை நம்பிப் புத்தகம் அடுக்குபவர்கள், அதற்குக் கீழே யாரையும் உட்காரவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெட்டிக்குள் மூன்று பைன் பலகைகள். ஒவ்வொன்றும் 80 செ.மீ. நீளம், 20 செ.மீ. ஆழம், 3 செ.மீ. கனம். ஒவ்வொன்றுக்கும் ஒரு இரும்புப் பட்டை. அதிலிருந்து மூன்று கம்பிகள் துருத்திக்கொண்டு நிற்கும். பட்டையைச் சுவரில் முடுக்கிவிட்டு, பலகையின் பின்பக்கத் துளைகளைக் கம்பிகளில் செருகினால் வேலை முடிந்தது. பிராக்கெட் எதுவும் கண்ணில் படாது. இந்த வகை ஷெல்ஃபின் அழகே அதுதான், தொல்லையும் அதுதான்.

மரத்தைப் பற்றிக் கொஞ்சம் ரசித்தே சொல்லலாம். சின்னச் சின்னத் துண்டுகளைப் பல் கோத்து ஒட்டிய பலகைதான், ஒரே மரத்தில் அறுத்தது இல்லை. அதில் எனக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை. இப்படி ஒட்டிய பலகை, ஒரே துண்டை விடக் குறைவாகத்தான் முறுக்கும். முன் விளிம்பைக் கையால் தடவிப் பார்த்தேன், ஒரு சிலாம்புகூடக் குத்தவில்லை. மேலே பளபள வார்னிஷ் அடிக்காமல் எண்ணெய்ப் பூச்சோடு விட்டிருக்கிறார்கள். பெட்டியைத் திறந்ததும் வந்த பிசின் வாசனை அறை முழுக்க நின்றது. என் கணவர் பாட்டுக்கு ஒரு பலகையை மடியில் வைத்துக்கொண்டு ரேகைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். “இதை மாட்டணுமா, இப்படியே வச்சுக்கலாமே” என்றார்.

பைன் மென்மையான மரம் என்பது வாங்குவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டும். நகத்தை அழுத்தினால் தடம் விழும். சாவிக்கொத்தை வீசியெறியும் வீடாக இருந்தால் வாசல் பக்கம் மாட்டாதீர்கள். பள்ளம் விழுந்தாலும் நார் அறுபடாமல் அமுங்கி மட்டும் இருந்தால், ஈரத்துணியை அதன் மேல் போட்டு இஸ்திரிப் பெட்டியை ஒரு நொடி வைத்து எடுங்கள். ஆவி பட்டு நார் உப்பி மேலே வந்துவிடும். பிறகு அந்த இடத்தை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, எண்ணெய் ஒரு கை பூச வேண்டும். இன்னொன்று, வெளிச்சம் பட்டால் பைன் மஞ்சளாகிக்கொண்டே போகும். ஒரே ஜாடி ஒரே இடத்தில் மாதக்கணக்கில் இருந்தால், அடியில் வெளிறிய வட்டம் ஒன்று மிஞ்சும். அவ்வப்போது இடம் மாற்றி வைப்பது நல்லது. வெள்ளை பெயின்ட் அடிக்க நினைப்பவர்கள் பூச்சை முதலில் தேய்த்து எடுத்துவிட்டு, கணுக்கள் மேல் அரக்கு வார்னிஷ் ஒரு கோட் கொடுங்கள். இல்லாவிட்டால் கணுவில் இருக்கும் பிசின் பெயின்ட்டைத் தாண்டி மஞ்சள் கறையாக வெளியே வரும்.

சரி, அந்த 15 கிலோவுக்கு வருவோம். கணக்கு எளிது, ஆனால் பெட்டியில் யாரும் போடுவதில்லை. இரும்புப் பட்டையின் உயரம் இரண்டரை சென்டிமீட்டர். ஸ்க்ரூ துளைகள் அதன் நடுவில் ஒரே வரிசையில் நான்கு. 10 கிலோ சாமானைப் பலகையின் நடுவில், அதாவது சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளி வைத்தால், பட்டை தன் கீழ் விளிம்பைச் சுவரில் ஊன்றிக்கொண்டு மேலே பிய்த்துக்கொண்டு வரப் பார்க்கும். கீழ் விளிம்புக்கும் ஸ்க்ரூவுக்கும் இடையே ஒன்றேகால் சென்டிமீட்டர்தான் இருக்கிறது. பத்தைப் பத்தால் பெருக்கி ஒன்றேகாலால் வகுத்தால் 80. நீங்கள் வைத்தது 10 கிலோ, ஸ்க்ரூக்களைச் சுவரிலிருந்து பிடுங்கும் இழுவை தோராயமாக 80 கிலோ. அதே சாமானை முன் விளிம்புக்குத் தள்ளினால் 160. பலகையின் சொந்த எடை இரண்டு கிலோவுக்கு மேல் இருக்கும், அது தனி.

இவ்வளவையும் தாங்கச் சொல்லி அவர்கள் கொடுத்திருப்பது 25 மி.மீ. நீளப் பிளாஸ்டிக் பிளக். சுவர்ப் பூச்சே 12 முதல் 15 மி.மீ. வரை இருக்கும். ஆக, செங்கல்லுக்குள் போவது வெறும் 10 முதல் 13 மி.மீ. மிச்சம் பிடித்துக்கொண்டிருப்பது பூச்சை. பூச்சுக்குப் பிடிமானம் கிடையாது, பொடிப்பொடியாக உதிரும். நான் அந்தப் பொட்டலத்தைப் பிரிக்காமலே தூக்கிப் போட்டுவிட்டு, 8 மி.மீ. விட்டம், 50 மி.மீ. நீளத்தில் நைலான் பிளக்கும், அதற்குப் பொருத்தமாக 5 மி.மீ. கனத்தில் நீள ஸ்க்ரூவும் வாங்கிப் போட்டேன். ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் மிகச் சாதாரணமான சாமான்கள் இவை. ஷெல்ஃப் செய்யும் கம்பெனிக்கு இதைச் சேர்த்துக் கொடுக்க என்ன கஷ்டம் என்று புரியவில்லை.

இதெல்லாம் கெட்டியான செங்கல் அல்லது கான்கிரீட் சுவருக்கு. தட்டினால் டொக் டொக் என்று வெற்றுச் சத்தம் வரும் ஜிப்சம் போர்டு தடுப்பாக இருந்தால், இந்த ஷெல்ஃபே வேண்டாம். உள்ளே இருக்கும் சட்டத்தில் நேராக ஸ்க்ரூ இறங்கினால்தான் உண்டு, அந்தச் சட்டம் பட்டையின் துளைகளுக்கு நேராக வந்து நிற்பது அதிர்ஷ்டம். உள்ளே கட்டம் கட்டமாக வெற்றிடம் இருக்கும் ஹாலோ பிளாக் சுவருக்கும் சாதாரணப் பிளக் ஒத்துவராது, அதற்கென்று தனி வகை இருக்கிறது.

மாட்டும் வேலைக்கு ஒரு காகித வார்ப்புரு கொடுத்திருக்கிறார்கள். அதில் குறித்த துளைகளுக்கும் பட்டையின் துளைகளுக்கும் இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம். காகிதத்தை மடித்து ஓரமாக வையுங்கள். பட்டையையே சுவரில் பிடித்து, ஒரு ஓரத்துத் துளையை மட்டும் முதலில் போட்டு, ஸ்க்ரூவைத் தளர்வாக மாட்டுங்கள். மேலே ரசமட்டம் வைத்து, குமிழி நடுவுக்கு வந்ததும் மறு ஓரத்தைக் குறியுங்கள். நடுவில் உள்ள இரண்டும் கடைசியில். ட்ரில்லுக்குக் கீழே ஒரு பழைய கவரை டேப் போட்டு ஒட்டி வைத்தால் தூசி முழுக்க அதற்குள் விழும். சுவிட்சு போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் துளை போடாதீர்கள், ஒயர் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் போகும். துளையில் இருக்கும் தூளை ஊதி எடுத்த பிறகுதான் பிளக்கை அடிக்க வேண்டும். தூள் இருந்தால் பிளக் முழுசாக உள்ளே போகாது.

மாட்டி முடித்ததும் இரண்டு பலகைகள் கச்சிதம். மூன்றாவது கொஞ்சம் தலை குனிந்து நின்றது. கம்பி 12 மி.மீ., பலகையில் துளை 13 மி.மீ.; அந்த ஒரு மில்லிமீட்டர் ஆட்டம் முன் விளிம்புக்கு வரும்போது கண்ணுக்குத் தெரிகிற சரிவாகிவிடுகிறது. பென்சிலை வைத்தால் உருண்டு விழுகிறது. கம்பிகள் மேல் மாஸ்கிங் டேப்பை இரண்டு மூன்று சுற்று சுற்றி இறுக்கமாகச் செருகினேன், நேராகிவிட்டது. கம்பெனிக்கும் படம் எடுத்து அனுப்பினேன். வேறு பலகை அனுப்புகிறோம் என்று மறு கேள்வி கேட்காமல் சொன்னார்கள், சொன்னபடி அனுப்பியும் விட்டார்கள். அந்த விஷயத்தில் அவர்களைப் பாராட்ட வேண்டும்.

புத்தகம் வைக்கலாமா என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். எங்கள் வீட்டில் இருக்கும் டெமி அளவு (சாதாரண நாவல் அளவு) புத்தகங்களை 80 செ.மீ. வரிசைக்கு எடுத்து, உடம்பு எடை பார்க்கும் மெஷினில் வைத்தேன்: 18 கிலோ. கெட்டி அட்டைப் படப் புத்தகங்கள் என்றால் இதைப்போல் இரண்டு மடங்குகூடப் போகும். ஆக, கம்பெனி சொல்லும் 15 கிலோவை அப்படியே ஒத்துக்கொண்டாலும் ஒரு வரிசைப் புத்தகத்துக்கு அது போதாது. விளம்பரப் படத்தில் மட்டும் மூன்று பலகையிலும் புத்தகங்களை நெருக்கி அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

புத்தகத்துக்கு ஏற்றது வெளியே தெரியும் எல் பிராக்கெட்தான். பலகைக்குக் கீழே, சுவரோடு 15 செ.மீ. இறங்கும் பிராக்கெட்டில் மேல் ஸ்க்ரூ அடி விளிம்பிலிருந்து 12 செ.மீ. தள்ளி இருக்கும். மேலே போட்ட அதே கணக்கைப் போட்டால் 80 கிலோ இழுவை 8 கிலோவாகச் சுருங்கிவிடும். பிராக்கெட்டின் நீளமான கை சுவர்ப் பக்கம் வர வேண்டும். பலர் தலைகீழாக மாட்டியிருப்பதைப் பார்க்கிறேன். நானே புத்தகங்களுக்காக 18 மி.மீ. பிளைவுட்டில் ஒன்று செய்து மாட்டியிருக்கிறேன். பலகையின் கனத்தை இரண்டு மடங்காக்கினால் விறைப்பு எட்டு மடங்காகும். பிராக்கெட்டுகளுக்கு இடையே உள்ள தூரத்தை இரண்டு மடங்காக்கினால் தொய்வு பதினாறு மடங்காகும். அதனால்தான் பிளைவுட்டில் புத்தகம் வைத்தால் எழுபது, எண்பது சென்டிமீட்டருக்கு ஒரு தாங்கல் கேட்கிறது. பிராக்கெட்டுகளைக் கடைசி ஓரத்தில் மாட்டாமல், நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு உள்ளே தள்ளி மாட்டினால் நடுவில் தொய்வது நன்றாகக் குறையும். முன் விளிம்பில் நாலு செ.மீ. உயர ரீப்பர் ஒன்றை நிறுத்தி ஒட்டினால் இன்னும் விறைப்பு, பிளைவுட்டின் அடுக்குகளும் மறைந்துவிடும்.

மறைக்காமலே அழகாக இருக்க முடியும் என்பதற்குப் பழைய உதாரணம் இருக்கிறது. 1949-ல் சுவீடன் பதிப்பகமான போனியர் புத்தக அலமாரி வடிவமைப்புக்கு ஒரு போட்டி வைத்தது. புத்தகம் விற்க வேண்டுமானால் அதை வைக்க வீட்டில் இடம் வேண்டும் அல்லவா. வென்றது நில்ஸ் ஸ்ட்ரின்னிங்கின் ‘ஸ்ட்ரிங்’ அலமாரி. மெல்லிய கம்பி ஏணிகள் சுவரில், அவற்றுக்கு நடுவே பலகைகள், அவ்வளவுதான். தாங்குவது எது என்று பார்த்ததுமே தெரியும். இன்றும் விற்பனையில் இருக்கிறது.

அப்போ இந்த மிதக்கும் பலகையில் என்ன வைப்பது? எங்கள் வீட்டில் ஒன்றில் மூன்று சட்டமிட்ட படங்கள், சுவரில் ஆணி அடிக்காமல் சாய்த்து வைத்தவை. பெரியது பின்னால், சின்னது முன்னால் கொஞ்சம் மறைத்தபடி. இன்னொன்றில் என் கணவரின் செடிகள் இரண்டு. தொட்டிக்கு அடியில் தட்டு, தட்டுக்கு அடியில் கார்க் வட்டம் என்பது என் நிபந்தனை. நனைந்த மண்ணின் எடையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நீர் ஊற்றியதும் தொட்டி எவ்வளவு கனக்கிறது என்று ஒரு தடவை தூக்கிப் பாருங்கள். மூன்றாவதில் ஒரு மண்கூஜா மட்டும், அதுவும் ஓரமாக. மிச்ச இடம் காலி. காலியாக இருக்கிற இடத்தில்தான் மரமே தெரிகிறது. இவ்வளவு நல்ல பலகையை வாங்கி அதன் மேல் இண்டு இடுக்கில்லாமல் பொம்மைகளை அடைத்து வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

அடியில் எல்இடி பட்டை ஒட்டுபவர்கள் அதை முன் விளிம்பை ஒட்டி, உள்பக்கமாகப் பார்த்தபடி ஒட்டினால் வெளிச்சம் சுவர் மேல் பரவும், விளக்கு கண்ணில் குத்தாது. பால் நிற மூடியுள்ள அலுமினியச் சட்டத்துக்குள் வைத்தால் புள்ளி புள்ளியாகத் தெரியாது. 2700 முதல் 3000 கெல்வின் வரையிலான மஞ்சள் வெளிச்சம் பைனுக்குப் பொருந்துகிறது. நீல வெள்ளையில் மரம் சோகையாகத் தெரிகிறது.

பராமரிப்பு அதிகமில்லை. ஈரத்துணியால் துடைத்தால் உடனே காய்ந்த துணியாலும் துடைக்க வேண்டும். மரம் வறண்டு வெளுக்கும்போது ஆளி விதை எண்ணெய் மெல்லிசாக ஒரு கோட். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். காயும்போது அந்த எண்ணெய் சூட்டை வெளியிடும்; சுருட்டிய துணிக்குள் சூடு தேங்கித் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துப் போட்டு வெளியில் காயவைத்த பிறகுதான் எறிய வேண்டும். இந்த எச்சரிக்கை கையேட்டில் ஒரு வரிகூட இல்லை.

இன்னொரு செட் வாங்குவேனா என்றால், பலகைக்காக வாங்குவேன். இரும்புப் பட்டையின் உயரத்தை ஐந்து சென்டிமீட்டராக்கி, துளைகளை மேல் ஓரத்துக்கு ஏற்றினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். அதற்குத் தக்கபடி பலகையும் கனமாக வேண்டும், அதனால்தான் செய்ய மாட்டார்கள் போல. 15 செ.மீ. ஆழத்தில் ஒரு மாடல் போட்டாலாவது தேவலை. படம் வைக்க அவ்வளவு போதும், சுவருக்கும் பாரம் குறையும். கம்பெனிக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன். யோசிக்கிறோம் என்று பதில் வந்தது.