கால் அளக்காத கடையில் ஸ்கீ பூட்ஸ் வாங்காதீர்கள்: 1,240 பிராங்க் போன விதம்

சுவிஸில் நவம்பர் பிறந்தால் ஸ்கீ கடை வாசல்களில் "முழு செட் தள்ளுபடி" பலகை வந்துவிடும். பிள்ளைகள் பள்ளிக்கூட ஸ்கீ முகாமில் பழகி, பின்னாலேயே தாங்களும் பழகி, இரண்டு மூன்று சீசன் வாடகைக்கு எடுத்து நீலப் பாதையும் சிவப்புப் பாதையும் இறங்கத் தெரிந்தவர்கள் நம்மவர்களில் இப்போது நிறைய. அவர்கள்தான் முதல் தடவையாகச் சொந்த செட் வாங்க அந்தக் கடைகளுக்குள் போகிறார்கள். அப்படி விற்கப்பட்ட ஒரு செட் சென்ற சீசனில் எங்கள் மேசைக்கு வந்தது. பில் 1,240 பிராங்க். ஸ்கீ, பூட்ஸை ஸ்கீயோடு பூட்டும் பைண்டிங், பூட்ஸ் மூன்றுமே அந்த ஆளுக்குப் பொருந்தாதவை.

வாங்கியவருக்கு வயது 44, உயரம் 172 செ.மீ., எடை 74 கிலோ. கடையில் அவரிடம் கேட்கப்பட்ட ஒரே கேள்வி, "சாதாரணச் சப்பாத்து எத்தனையாம் நம்பர்?" அவர் 43 என்றார். 28.5 அளவு பூட்ஸ் வந்தது. போட்டுப் பார்த்தார், விரல்கள் தாராளமாக அசைந்தன, வசதியாக இருந்தது, காசு கொடுத்தார்.

அந்த வசதியில்தான் பிசகு. ஸ்கீ பூட்ஸின் எண், பாத நீளம் எத்தனை செ.மீ. என்பதைத்தான் சொல்கிறது, மொண்டோபாயின்ட் என்பார்கள். அவர் பாதத்தை நாங்கள் அளந்தபோது இடது 261 மி.மீ., வலது 263 மி.மீ. எடுக்க வேண்டியது 26.5. இரண்டு முழு அளவு பெரியதை விற்றிருக்கிறார்கள். உள்ளிருக்கும் மெத்தைப் பூட்டை உருவிவிட்டு வெறும் பிளாஸ்டிக் கூட்டுக்குள் காலை விட்டு, விரல் நுனி முன்சுவரைத் தொடும்படி நிற்கச் சொன்னோம். குதிக்காலுக்குப் பின்னால் ஏறத்தாழ 3.5 செ.மீ. வெற்றிடம். இவரைப் போன்றவருக்கு 1.5 முதல் 2 செ.மீ. இருந்தால் போதும். மெத்தைப் பூட் வேறு பத்துப் பதினைந்து நாள் பாவித்ததும் அமுங்கி இன்னும் இடம் விடும். கடையில் தாராளமாக இருப்பது, பெப்ரவரியில் வாளிக்குள் கால் விட்டது போல ஆகிவிடும்.

அவர் கடைக்குத் திரும்பிப் போய்ச் சொன்ன முறைப்பாடு என்ன தெரியுமா? "பூட்ஸ் இறுக்குகிறது, விரல் மரத்துப் போகிறது." பெரிய பூட்ஸ் எப்படி இறுக்கும்? குதிக்கால் உள்ளே எழும்பி எழும்பி விழுவதால், அதை அடக்க அவர் கொக்கிகளை ஒவ்வொரு பல்லாக ஏற்றிக்கொண்டே போயிருக்கிறார். பாதத்தின் மேல்முதுகில் ஓடும் நரம்பும் இரத்தக் குழாயும் நசுங்குகின்றன. விரல் மரத்துக் குளிர்கிறது. கழற்றியபோது அந்த இடத்தில் கொக்கிக்கு நேரே சிவந்த கோடு தெரிந்தது. கடைக்காரர் இதைப் பார்க்கவேயில்லை. தடித்த சொக்ஸ் ஒரு சோடியும், குதிக்கு அடியில் வைக்கும் ஆப்பும் விற்றுவிட்டார், இன்னொரு 60 பிராங்குக்கு. தடித்த சொக்ஸ் போட்டால் கால் இன்னும் நழுவும். ஆப்பு குதிக்காலைச் சற்று உயர்த்தலாம். கூட்டின் நீளத்தை அது குறைக்காது.

"அரை அளவு மாற்றித் தருகிறேன்" என்று சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலான பூட்ஸில் 28க்கும் 28.5க்கும் கூடு ஒன்றேதான். உள்ளே இருக்கும் அட்டையின் தடிப்போ மெத்தையோதான் வேறு. குதிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக்கில் அடிநீளம் மி.மீட்டரில் பொறித்திருக்கும். இரண்டு பூட்ஸிலும் அந்த எண் ஒன்றாக இருந்தால் பெரும்பாலும் கூடும் ஒன்றுதான்.

சரியான அளவு எப்படி இருக்கும்? மெல்லிய சொக்ஸ் ஒன்று மட்டும். பாதம் சற்று வீங்கியிருக்கும் பின்னேரத்தில் போங்கள். கொக்கியை மேலிருந்து கீழாக மெதுவாகப் போட்டு நேராக நின்றால் விரல் நுனி முன்பக்கத்தைத் தொட வேண்டும். முழங்காலை முன்னே மடித்துத் கணைக்காலைப் பூட்ஸின் நாக்கில் அழுத்தினால் விரல் பின்வாங்கி விடுபட வேண்டும். குதிக்கால் அசையக் கூடாது. குறைந்தது இருபது நிமிடம் கடைக்குள்ளேயே போட்டுக்கொண்டு நில்லுங்கள். முதல் ஐந்து நிமிடம் சின்னதாகத்தான் தோன்றும். ஒரு எலும்பு மட்டும் குத்தினால் அந்த இடத்தில் கூட்டைச் சூடாக்கித் தள்ளிவிடலாம். சிறியதைச் சிறிது பெரிதாக்க முடியும், பெரியதைச் சிறிதாக்க எந்தக் கருவியும் இல்லை.

அகலமும் கேட்க வேண்டும். 98 மி.மீ. ஒடுங்கியது, 100 நடுத்தரம், 102க்கு மேல் அகலமானது. இந்த எண்கள் 26.5 அளவை வைத்துச் சொல்லப்படுபவை. விறைப்புக்கான ஃப்ளெக்ஸ் எண் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், பொது அளவுகோல் கிடையாது. ஆனாலும் இடைநிலை ஆண்களுக்கு 90 முதல் 110, பெண்களுக்கு 70 முதல் 90 என்று தொடங்கலாம். அந்த செட்டில் இருந்தது 120. குளிரில் பிளாஸ்டிக் இன்னும் விறைக்கும். கணைக்காலால் பூட்ஸை முன்னே மடிக்க முடியாதவர் பின்னால் உட்கார்ந்தபடிதான் இறங்குவார், தொடை எரியும், திருப்பம் வராது.

ஸ்கீயைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 177 செ.மீ. நீளம், நடுவில் 96 மி.மீ. அகலம், திருப்ப ஆரம் 18 மீட்டர். புதுப்பனியில் போகிறவருக்கு நல்ல பலகைதான். காலையில் இறுகிய சீரான பாதையில் மட்டும் இறங்குகிறவருக்கு விளிம்பு மாற்றவே நேரம் எடுக்கும், முழங்கால் களைக்கும். மூக்குக்கும் நெற்றிக்கும் இடைப்பட்ட உயரத்தில் 160 முதல் 167 வரை, நடு அகலம் 72 முதல் 80, ஆரம் 13 முதல் 15 என்று கொடுத்திருக்க வேண்டும். தள்ளுபடியில் மிஞ்சியது எதுவோ அது அவர் தலையில் கட்டப்பட்டது.

எங்களுக்குக் கோபம் வந்தது பைண்டிங்கைப் பார்த்தபோதுதான். மேலே சொன்னவை பணத்தையும் சுகத்தையும் கெடுக்கும், இது காலை முறிக்கும். பூட்ஸின் அடி கிரிப்வாக் ரகம், அதாவது சர்வதேசத் தர எண் ஐஎஸ்ஓ 23223. நடக்க வசதியாக ரப்பரும் வளைவும் உள்ளது. பைண்டிங்கோ பழைய சரக்கு, ஐஎஸ்ஓ 5355 தட்டை அடிக்கு மட்டும் செய்தது, கிரிப்வாக் முத்திரை எங்குமே இல்லை. இந்தச் சோடியில் பூட்ஸ் கிளிக்கென்று உள்ளே போகும், பூட்டும். விழும்போது சரியான விசையில் விடும் என்பதற்கு மட்டும் உத்தரவாதம் கிடையாது. பைண்டிங்கில் விடுவிப்பு விசையைக் காட்டும் சிறு ஜன்னல்கள் இரண்டு: முன் ஜன்னலில் எண் 4, பின் ஜன்னலில் 6½. பின் துண்டு பூட்ஸை முன்னே தள்ளும் விசையைக் காட்டும் குறி, இருக்க வேண்டிய கோடுகளுக்கு வெளியே நின்றது. யாரோ பூட்ஸை வைத்துத் தள்ளிப் பார்த்து, நிற்கிறது என்று விட்டிருக்கிறார்கள்.

டின் எண் என்று நாம் சொல்லும் அந்த ஜன்னல் அளவு ஐஎஸ்ஓ 11088 அட்டவணைப்படி எடுக்கப்படுவது. எடை, உயரம், வயது, பூட்ஸின் அடிநீளம், ஸ்கீ ஓட்டும் விதம் ஐந்தும் வேண்டும். 50 வயதானால் ஒரு படி இறக்குவார்கள். எடையே கேட்காமல் ஒருவர் திருகாணியைத் திருப்புகிறார் என்றால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். சரியான கடை அட்டவணையோடு நிற்காது, இயந்திரத்தில் பூட்டி விடுவிப்பு விசையை அளந்து தாளில் எழுதித் தரும். சுவிஸில் விபத்துத் தடுப்பு அமைப்பான பி.எஃப்.யு.வின் ஸ்கீ ஒட்டியையும், அதாவது பைண்டிங் சோதிக்கப்பட்டதைக் காட்டும் ஸ்டிக்கரையும், ஒட்டித் தருவார்கள். பூட்ஸை மாற்றினால், அளவு அதேயானாலும், பைண்டிங்கைத் திரும்பவும் சரிசெய்தே ஆக வேண்டும்.

கடை எதையும் திருப்பி எடுக்கவில்லை, "பாவித்தாயிற்று" என்றார்கள். சுவிஸில் கடையில் வாங்கியதைப் பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுக்கச் சட்ட உரிமை இல்லை. இணையத்தில் வாங்கினாலும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 14 நாள் உரிமை இங்கே கிடையாது. இரண்டு வருட உத்தரவாதம் பழுதுக்கு, தவறான அளவுக்கு அல்ல. பூட்ஸும் பைண்டிங்கும் பொருந்தவில்லை போன்ற குறை கண்டால் காத்திருக்காமல் அன்றே எழுத்தில் அறிவியுங்கள், தாமதித்தால் வாதம் பலவீனமாகும். அதனால் காசு கட்டுமுன் பொருத்த உத்தரவாதத்தை பில்லிலேயே எழுதி வாங்குங்கள். மெத்தைப் பூட்டைச் சூடாக்கவும் ஸ்கீயில் துளை போடவும் அதற்குப் பிறகே விடுங்கள்.

கையில் காசு குறைவென்றால் பூட்ஸை மட்டும் சொந்தமாக வாங்கி, ஸ்கீயைச் சீசன் வாடகைக்கு எடுங்கள். எடுக்கும் இடத்துக்கு அந்தப் பூட்ஸைக் கையோடு கொண்டு போய், அடியில் உள்ள முத்திரையைக் காட்டி, பைண்டிங்கின் இரண்டு ஜன்னல் எண்களையும் கடையை விட்டு இறங்குமுன் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.