சிறுவர் துப்பறியும் தொடர் ஆட்டம்: பகடையை எதற்காக உருட்டுவது?

பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் நான்கைந்து பேர். ஊரில் ஏதோ சரியில்லை என்று அவர்களுக்குப் படுகிறது. பெரியவர்களிடம் சொன்னால் எடுபடாது. ஆகவே தாங்களே துப்புத் துலக்கக் கிளம்புகிறார்கள். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமேற்று, பகடை உருட்டி ஆடும் விளையாட்டுகளில் இந்த மாதிரிக் கதைக்கென்றே எழுதப்பட்ட மூன்று விதிநூல்களை இங்கே எடுத்துக்கொள்கிறேன்: 2016-இல் ஈவில் ஹாட் வெளியிட்ட பபிள்கம்ஷூ, 2017-இல் சுவீடனின் ஃப்ரீ லீக் வெளியிட்ட டேல்ஸ் ஃப்ரம் த லூப், 2018-இல் வந்த கிட்ஸ் ஆன் பைக்ஸ். ஒரு மாலை ஆடிவிட்டு எழுந்துபோக மூன்றுமே போதும். மாதக்கணக்கில் நீளும் தொடர் ஆட்டத்தை எது தாங்கும் என்பதுதான் கேள்வி.

இந்தவகை ஆட்டங்களில் மிகப் பிரபலமான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் கையில் இருக்கிறதே, அதிலேயே ஆடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அந்த விதிகள் பாத்திரத்தைப் படிப்படியாக வலுவாக்குவதற்காக எழுதப்பட்டவை. ஐந்தாம் நிலைக்கு வந்த மந்திரவாதி நெருப்புக் கோளம் வீசுகிறான். பூட்டிய கொட்டகைக்குள் யார் என்று சாவித் துவாரம் வழியே பார்க்கவே நடுங்கும் பிள்ளைக்கு அங்கே இடமில்லை.

மூன்று நூல்களையும் ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் அவற்றின் உலகத்தைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். ஓவியம் அழகாக இருக்கிறது, எண்பதுகளின் வாசனை வீசுகிறது என்பார்கள். எனக்கு அது இரண்டாம்பட்சம். பகடை எதைத் தீர்மானிக்கிறது என்பதையே நான் முதலில் பார்ப்பேன். துப்பு கிடைக்குமா என்பதையா, ஆபத்திலிருந்து தப்புவார்களா என்பதையா, வீட்டுக்குத் திரும்பிய பிறகு என்ன ஆகிறது என்பதையா? துப்பறியும் தொடர் நிற்பதும் சரிவதும் இதில்தான்.

ஒரே காட்சியை மூன்று விதிகளிலும் ஓட்டிப் பார்க்கலாம். சிற்றூர் நூலகம். பழைய செய்தித்தாள்களை வருடவாரியாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி கனமான தொகுதியொன்றைப் புரட்டுகிறாள். நடுவில் ஒரு தாள் பிளேடால் வெட்டி எடுக்கப்பட்டிருக்கிறது. தையலை ஒட்டி ஒரு விரல் அகலத் துண்டு மட்டும் மிச்சம். வெட்டியவர் அழுத்தி இழுத்ததில் அடுத்த தாளிலும் ஒரு கீறல் விழுந்திருக்கிறது. இந்தத் துப்பு அவள் கண்ணில் படுகிறதா?

டேல்ஸ் ஃப்ரம் த லூப்பில் (இனி லூப்) அவள் புத்தகப்புழு வகைப் பிள்ளை என்று வைத்துக்கொள்வோம். அறிவுக்கு மூன்று, ஆராயும் திறனுக்கு இரண்டு. ஆக ஐந்து ஆறுமுகப் பகடைகள். ஒன்றிலாவது ஆறு விழவேண்டும். கணக்குப் போட்டால் வாய்ப்பு ஏறத்தாழ 60 சதவீதம். ஆறு விழாவிட்டால் தன்னை வருத்திக்கொண்டு மறுபடி உருட்டலாம். அதற்கு விலையாகக் கலக்கம், பயம், களைப்பு, காயம் ஆகியவற்றில் ஒன்றைத் தன் தாளில் குறித்துக்கொள்ளவேண்டும். அப்படிக் குறித்த ஒவ்வொன்றும் பின்னால் உருட்டும் பகடையில் ஒன்றைக் குறைக்கும்.

கிட்ஸ் ஆன் பைக்ஸில் ஆறு பண்புகளுக்கு ஆறு வெவ்வேறு பகடைகள். இருபது முகம் முதல் நான்கு முகம் வரை எதை எதற்குக் கொடுப்பது என்று பாத்திரத்தை உருவாக்கும்போதே முடிவு செய்கிறார்கள். நம் சிறுமி அறிவுக்குப் பன்னிரண்டு முகப் பகடை வைத்திருக்கிறாள். ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர் ஏழு எடுக்கச் சொல்கிறார். சரிபாதி வாய்ப்பு. ஐந்து விழுந்தால், கையில் சேர்த்துவைத்த இடர் வில்லைகளில் இரண்டைச் செலவழித்து ஏழாக்கிக்கொள்ளலாம். அவசரமில்லாத வேலை என்பதால் தோழர்களும் தங்கள் வில்லைகளைத் தரலாம். அப்படியும் தோற்றால் அவளுக்கு ஒரு புதிய வில்லை கிடைக்கிறது. தோல்வி அடுத்த வெற்றிக்கு முதலாக மாறும் இந்த ஏற்பாடு பிள்ளைகள் கதைக்கு மிகப் பொருத்தமானது. முதன்முறை ஆடுகிறவர்கள்கூடத் தோற்றதற்காக முகம் சுளிப்பதில்லை.

பபிள்கம்ஷூவில் இந்தக் காட்சிக்குப் பகடையே இல்லை. தேடிப் படிக்கும் திறன் அவளுக்கு உண்டு, சரியான இடத்துக்கு வந்திருக்கிறாள், புரட்டிப் பார்க்கிறேன் என்கிறாள். துப்பு அவளுடையது. இந்த நூலுக்கு மூலமான, ராபின் லாஸ் உருவாக்கிய கம்ஷூ விதிமுறையின் அடிப்படையே இதுதான்: துப்பைக் கண்டெடுப்பதில் அல்ல, கண்டெடுத்ததை வைத்து யோசிப்பதில்தான் துப்பறியும் கதையின் சுவை இருக்கிறது.

இந்த இடத்தில் நான் பபிள்கம்ஷூ பக்கம் நிற்கிறேன், தயக்கமே இல்லை. வெட்டப்பட்ட தாளைப் பார்க்காமல் பிள்ளைகள் நூலகத்தைவிட்டு வெளியேறிவிட்டால் மேசையில் என்ன நடக்கும்? கேம் மாஸ்டர் அவசர அவசரமாக வேறொரு வழியைத் திறக்கவேண்டும், அல்லது ஆட்டக்காரர்கள் வெறுமனே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவேண்டும். துப்புக் கிடைத்துவிட்டாலோ பேச்சு அங்கேதான் தொடங்குகிறது. எந்த நாள் தாள்? அதே நாளின் பிரதி வேறு யாரிடம் இருக்கும்? நூலகரின் கண்முன்னே பிளேடு எடுத்தவர் யார், அல்லது நூலகரே எடுத்தாரா? பகடை கைவிட்டதால் இந்தப் பேச்சு நடக்காமல் போவது பெரிய இழப்பு.

லூப் அல்லது கிட்ஸ் ஆன் பைக்ஸைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த இழப்பைத் தவிர்க்க வழி இருக்கிறது. ஜஸ்டின் அலெக்சாண்டர் எழுதிப் பரவலான மூன்று துப்பு விதி: ஆட்டக்காரர்கள் எட்டவேண்டிய ஒவ்வொரு முடிவுக்கும் குறைந்தது மூன்று துப்புகளை வையுங்கள். ஒன்றைத் தவறவிடுவார்கள், ஒன்றைத் தப்பாகப் புரிந்துகொள்வார்கள், மூன்றாவது கரைசேர்க்கும். தாள் வெட்டப்பட்டதை நூலகம் காட்டட்டும். அச்சகத்துக் கிழவர் அந்த நாளை நினைவில் வைத்திருக்கட்டும். சந்தேகத்துக்குரியவர் வீட்டுக் குப்பையில் ஒரு பாதித் தலைப்பு கிடக்கட்டும். வேலை கூடுதல்தான். ஆனால் மூன்று இடங்களைத் தயாரித்துவிட்டால் அடுத்த சில சந்திப்புகளுக்கான ஊரும் தானாகவே உருவாகிவிடும்.

இந்த விவாதத்தில் பிரிண்டில்வுட் பே என்ற ஆட்டத்தை இழுத்து வருபவர்களும் உண்டு. அது வயதான பெண்கள் துப்பறியும் ஆட்டம் என்றாலும் பிள்ளைகளுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பார்கள். அதில் குற்றவாளி யார் என்று முன்கூட்டியே முடிவாகியிருப்பதில்லை. ஆட்டக்காரர்கள் துப்புகளைச் சேர்த்து ஒரு விளக்கம் கட்டுகிறார்கள். இரண்டு பகடை உருட்டி, சேர்த்த துப்புகளின் எண்ணிக்கையைக் கூட்டி, மர்மத்தின் சிக்கலுக்கான எண்ணைக் கழித்து, அந்த விளக்கம் உண்மையா என்று பார்க்கிறார்கள். சாமர்த்தியமான ஏற்பாடு; பெரியவர்களின் மேசையில் அருமையாக ஓடுகிறது. சிறுவர் கதையில் அதை நான் ஏற்கமாட்டேன். பெரியவர்கள் மறைத்துவைத்த உண்மை ஒன்று ஊரில் ஏற்கெனவே இருக்கிறது, அதைத் தான் எட்டிவிட்டேன் என்ற பெருமிதம்தான் இந்தக் கதைகளின் உயிர். உண்மையே பிறகுதான் உருவாகிறது என்று தெரிந்துவிட்டால் அந்தப் பெருமிதம் கரைந்துபோகிறது.

இனி ஆபத்து. லூப் வெளிப்படையாகச் சொல்கிறது: பிள்ளைகள் சாகமாட்டார்கள். ஊர் ஆபத்தானதுதான், அடிபடுவார்கள், பயப்படுவார்கள், உடைந்துபோவார்கள். சாவு மட்டும் கிடையாது. கிட்ஸ் ஆன் பைக்ஸில் சண்டை சாவிலும் முடியலாம். பபிள்கம்ஷூ அடிதடியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, வாய்ச்சண்டைக்கென்று தனி விதியே வைத்திருக்கிறது. பள்ளி நடைக்கூடத்தில் நாலு பேர் பார்க்க ஒருத்தி உன்னை மட்டம்தட்டினால் குறைவது ரத்தம் அல்ல, கெத்து. பதினாறு வயதில் அதைவிடப் பெரிய காயம் வேறில்லை என்பதை இந்த நூல் சரியாகப் பிடித்திருக்கிறது. ஆனால் அதனாலேயே அது உயர்நிலைப் பள்ளி வயதுக்கான ஆட்டமாகிறது. பத்து வயதுப் பிள்ளையின் பயம் வேறு மாதிரி: இருட்டிவிட்டது, சைக்கிளில் காற்று இல்லை, அம்மா தேடுவாள்.

அம்மா தேடுவாள் என்ற இடத்துக்கு வந்துவிட்டால் லூப்புக்கு நிகராக எதுவும் இல்லை. சைமன் ஸ்டோலன்ஹாகின் ஓவியங்களிலிருந்து பிறந்த ஆட்டம் அது. வயலில் துருப்பிடித்து நிற்கும் எந்திரம், அதன் அருகே குளிருக்குக் கோட்டு மாட்டிய ஒரு சிறுவன். களம் சுவீடனின் மேலாரன் ஏரித் தீவுகள். பூமிக்கடியில் ஒரு ராட்சதத் துகள் முடுக்கி. காலம், நடந்தேயிராத ஒரு 1980-கள். அமெரிக்கக் களம் வேண்டுவோருக்கு நெவாடாவின் போல்டர் சிட்டியும் நூலிலேயே இருக்கிறது. இந்த அலங்காரங்களை எல்லாம் நீக்கிவிட்டாலும் பாத்திரத் தாள் ஒன்றே போதும், இந்த ஆட்டத்தின் தரம் தெரிந்துவிடும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பிரச்சினை எழுதவேண்டும்: அப்பாவுக்கு வேலை போய்விட்டது, அண்ணன் பேசுவதில்லை, வகுப்பில் ஒருவன் தினமும் அடிக்கிறான். ஒரு பெருமை எழுதவேண்டும். ஆறுதல் தேடிப் போகும் ஒரு நபரை எழுதவேண்டும்: பாட்டி, பக்கத்து வீட்டுக்காரர், பள்ளிக் காவலாளி, யாராகவும் இருக்கலாம். பயமோ களைப்போ குறிக்கப்பட்ட பிள்ளை அந்த நபரிடம் போய் உட்கார்ந்தால் தேறுகிறது. மருந்துப்பெட்டியோ ஓய்வு நேரக் கணக்கோ இல்லை. பாட்டி வீட்டுத் திண்ணைதான் வைத்தியம்.

தொடர் ஆட்டத்தை மாதக்கணக்கில் இழுத்துச் செல்லும் எந்திரம் இதுதான். ஒரு மர்மம் மூன்று நான்கு சந்திப்புகளில் தீர்ந்துவிடும். அப்பாவின் வேலை அப்படித் தீராது. துப்புத் தேடிப் போகும் காட்சிக்கும் சாப்பாட்டு மேசையில் அப்பா வாய் திறக்காமல் சாப்பிடும் காட்சிக்கும் இடையே மாறி மாறிப் போகும்போது, ஆட்டக்காரர்கள் அடுத்த சந்திப்புக்கு மர்மத்துக்காக மட்டும் வருவதில்லை.

கிட்ஸ் ஆன் பைக்ஸின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. முதல் சந்திப்பிலேயே எல்லாரும் சேர்ந்து ஊரை உருவாக்குகிறார்கள். ஊர் எதற்குப் பேர்போனது, எந்தத் தொழில் நொடித்தது, என்ன வதந்தி உலவுகிறது என்று ஆளுக்கொரு பதில். கேம் மாஸ்டருக்குப் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடுகிறது. தமிழில் ஆடும் மேசைக்கு இது ஒரு வரப்பிரசாதம். சுவீடனையோ அமெரிக்காவையோ கற்பனை செய்து திணறவேண்டியதில்லை, மூடிய நூற்பாலையையும் வற்றிய கண்மாயையும் நேரே மேசைக்குக் கொண்டுவரலாம். ஒன்றை மட்டும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். பெரியவர்கள் எட்டாத் தொலைவில் இருப்பார்கள் என்பது இந்தவகைக் கதைகளின் அடித்தளம். நம் ஊரில் பிள்ளைகள் பொழுது சாய்ந்தபின் ஆலைச் சுவர் ஏறினால், டீக்கடைக்காரர் அடுத்த நிமிடம் வீட்டுக்கு ஆள் அனுப்பிவிடுவார். அவரை என்ன செய்வது என்பதை மேசை சேர்ந்து முடிவு செய்யவேண்டும். என் யோசனை, அவரைச் சந்தேகப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

அந்த நூலில் எனக்கு உடன்பாடில்லாதது சக்தி படைத்த பாத்திரம். அமானுஷ்ய ஆற்றல் கொண்ட ஒரு நபரை எல்லா ஆட்டக்காரர்களும் பங்குபோட்டு நடத்துகிறார்கள். ஒரு மாலை ஆட்டத்தில் அது தரும் உற்சாகத்துக்கு அளவில்லை. துப்பறியும் தொடரிலோ, யோசித்து எட்டவேண்டிய பதிலை ஆற்றலைக் கொண்டு எட்டிவிடும் ஆசை வந்துவிடுகிறது. துப்பறிய வந்தவர்கள் என்றால் அந்தப் பாத்திரத்தை விட்டுவிடுவதே நல்லது.

ஆக, புதிதாக ஆடுகிறவர்கள், நாலைந்து சந்திப்புகளில் முடியும் கதை என்றால் கிட்ஸ் ஆன் பைக்ஸ். பள்ளி அரசியல், காதல், பொறாமை, அதனூடே ஒரு குற்றம் என்றால் பபிள்கம்ஷூ. நேசம், விருப்பம், வெறுப்பு என்று உறவுகளைப் பிரித்து, அவற்றைச் செலவழித்து உதவி பெறும் அதன் விதி மற்ற இரண்டிலும் இல்லாதது. ஒரு வருடம் நீளும் தொடர் என்றால் லூப், பபிள்கம்ஷூவின் துப்பு விதியைக் கடன்வாங்கிக்கொண்டு. ஆராய்வதற்குப் பகடை உருட்டுவதை அடியோடு நீக்கவேண்டாம். அடிப்படைத் துப்பை இலவசமாகக் கொடுத்துவிடுங்கள். நூலகத்துச் சிறுமி அதை யாரும் பார்க்காமல் எடுத்தாளா, கூடுதலாக என்ன தெரிந்தது என்பதற்கு மட்டும் பகடை உருளட்டும்.

லூப்பைத் தேர்ந்தெடுப்பவர்கள் வயதைக் கவனித்துத் தொடங்கவேண்டும். பிள்ளைகளின் வயது பத்து முதல் பதினைந்து வரை. வயது எவ்வளவோ அவ்வளவு புள்ளிகளைப் பண்புகளுக்குப் பிரித்துக்கொள்ளலாம். பதினைந்திலிருந்து வயதைக் கழித்தால் வருவது அதிர்ஷ்டப் புள்ளி. பத்து வயதுக்காரனுக்குப் பண்புப் புள்ளி குறைவு, அதிர்ஷ்டம் ஐந்து. பதினைந்து வயதுக்காரிக்குப் பண்புப் புள்ளி அதிகம், அதிர்ஷ்டம் பூஜ்யம். நீண்ட தொடர் வேண்டுமானால் பதினொன்று, பன்னிரண்டில் தொடங்குங்கள். கதைக்குள் பிறந்தநாள்கள் வர இடமிருக்கும். அதையும் தாண்டிப் போக விரும்பும் மேசைக்கு 2019-இல் வந்த திங்ஸ் ஃப்ரம் த ஃப்ளட் இருக்கிறது. அதே உலகம், 1990-கள், பதின்வயதினர். அங்கே சாவும் உண்டு. ஆகவே பாத்திரங்களை அதற்குள் அழைத்துச் செல்லும் முன், ஆடுகிறவர்கள் ஒவ்வொருவரிடமும் சம்மதமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.