டாக்சி மேல் விளம்பரப் போர்டு மாட்டினால் மாதா மாதம் காசு என்கிறார்களா? என் 40,000 போன கதையைப் படித்துவிட்டு முடிவு பண்ணுங்கள்

கோபத்தில் தட்டிக்கொண்டிருக்கிறேன், எழுத்துப்பிழை இருந்தால் கண்டுகொள்ளாதீர்கள். 40,000 போய்விட்டது. அதற்கு மேல் அபராதம், மேற்கூரையில் ஓட்டை, கதவில் பெயிண்ட் பெயர்ந்த தழும்பு. காசு வாங்கினவர்கள் இன்றைக்கும் அதே விளம்பரத்தை ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள், அதைப் பார்த்த பிறகுதான் எழுத உட்கார்ந்தேன்.

நான் சொந்த டாக்சி வைத்து ஓட்டுகிறவன். வண்டிக்காரர்களையும் விளம்பரம் கொடுக்கிறவர்களையும் சேர்த்து வைப்பதாகச் சொல்லும் ஆன்லைன் தளம் ஒன்று. பெயர் போடவில்லை, வக்கீல் நோட்டீஸ் என்று இன்னொரு தலைவலி வேண்டாம். அதில் நம்பரைப் பதிந்து வைத்தால் ஒரு ஏஜென்சிக்காரர் கூப்பிடுவார். கூப்பிட்டார். மேற்கூரையில் இரண்டு பக்கமும் தெரிகிற லைட் பாக்ஸ், நாலு கதவிலும் ஸ்டிக்கர், பின் கண்ணாடிக்குப் பொடிப்பொடி துளை போட்ட ஃபிலிம். வண்டி ஓடினாலும் நின்றாலும் மாதம் பிறந்தால் கணக்கில் பணம். நான் கட்ட வேண்டியது பொருளுக்கான முன்பணம் மட்டும், அதுவும் ஒப்பந்தம் முடிந்ததும் திரும்பி வந்துவிடுமாம். அந்த முன்பணம்தான் 40,000.

நான் கேட்ட முதல் கேள்வியே அனுமதி பற்றித்தான். டாக்சி மேல் இஷ்டத்துக்கு எதையும் ஒட்ட முடியாது என்பது வண்டி ஓட்டுகிற எல்லோருக்கும் தெரியும். அந்தக் கேள்விக்காகவே காத்திருந்த மாதிரி அந்த ஆள் பையிலிருந்து ஒரு ஃபைலை எடுத்தார். பிளாஸ்டிக் உறைக்குள் உள்ளாட்சி அலுவலகத்தின் ஆணை. வட்ட முத்திரை, பச்சை மையில் கையெழுத்து, கட்டணம் கட்டிய விவரம், கீழே நிபந்தனைகள் வரிசையாக. கடிதத்தின் எண்ணைச் சத்தமாகப் படித்துக் காட்டினார். "ஃபீஸ் எல்லாம் நாங்களே கட்டியாச்சு அண்ணே, உங்க வண்டியும் இந்த ஆர்டர்லயே அடங்கிடும். வேணும்னா போட்டோ எடுத்துக்கங்க" என்றார். ஏமாற்ற வந்தவன் போட்டோ எடுத்துக்கொள்ளச் சொல்வானா? அந்த ஒரு வார்த்தைதான் என்னைச் சாய்த்தது. அன்றைக்கே பணம் போனது.

போர்டு மாட்ட இரண்டு பையன்கள் டிரில்லிங் மெஷினோடு வந்தார்கள். கேரியர் கம்பியில் கட்டப் போகிறார்கள் என்று நினைத்தால் நேராக மேற்கூரைத் தகட்டிலேயே துளை போட்டார்கள். கேட்டதற்கு "அப்பத்தான் சார் ஆடாது" என்று பதில்.

முதல் மாதப் பணம் வருவதற்கு முன்னாலேயே சாலைச் சோதனையில் வண்டியை ஓரம் கட்டினார்கள். அதிகாரி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கதவில் இருக்கிற உரிம எண்ணில் பாதி ஸ்டிக்கருக்கு அடியில் போயிருந்தது. டாக்சி என்று காட்டுகிற டாப் லைட் பின்பக்கமிருந்து பார்த்தால் தெரியவே இல்லை, பாக்ஸ் மறைக்கிறது. பாக்ஸில் படம் மாறி மாறி மின்னுகிறது, பின்னால் வருகிறவன் கண் அங்கேதான் போகும். எல்லாவற்றுக்கும் மேல் இந்த வண்டிக்கு விளம்பர அனுமதியே பதிவாகவில்லை. நான் போனில் இருந்த போட்டோவை நீட்டினேன். அவர் விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு வலது மூலையைக் காட்டினார். அங்கே 2 என்று இருந்தது. இரண்டாம் பக்கம்! எதற்கான அனுமதி என்பது முதல் பக்கத்தில்தானே இருக்கும். அலுவலகத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பார்த்தபோது வந்தது ஒரு கட்டட முகப்பில் விளம்பரப் பலகை வைப்பதற்கான ஆணை. வண்டி என்ற சொல்லே அதில் கிடையாது.

அபராதம் என் பேரில். போர்டைக் கழற்றி, ஸ்டிக்கரை உரித்து, வண்டியை மறுபடி சோதனைக்குக் காட்டிய பிறகுதான் ஓட்டலாம். ஏஜென்சி பேரைச் சொன்னால், "உரிமம் யார் பேர்ல இருக்கு? அவங்கதான் பதில் சொல்லணும்" என்று முடித்துவிட்டார்கள். அங்கே இருந்த எழுத்தர் ஒருவர்தான் கொஞ்சம் பொறுமையாகச் சொன்னார். அனுமதி ஏஜென்சிக்கு மொத்தமாகக் கிடைக்கிற சமாச்சாரம் இல்லை, எந்த வண்டி, எந்த இடத்தில், எந்த அளவு, எந்தப் படம் என்று தனித்தனியாகப் பார்த்துத்தான் தருவார்களாம். படத்தை மாற்றினால் அதையும் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டுமாம். லண்டனில் கறுப்பு டாக்சிகள் முழு உடம்பும் விளம்பரமாகத் திரிவதைப் படத்தில் பார்த்து ஆசைப்பட்டிருப்பீர்கள், அங்கேயும் அந்த நகரப் போக்குவரத்து அமைப்பின் ஒப்புதல் இருந்தால்தான் ஒட்ட முடியும்.

அப்புறம் ஆரம்பித்தது போன் படலம். முதலில் "மேனேஜர் மீட்டிங்ல இருக்கார்". அடுத்து "உங்க புகார் எண் என்ன?", எண் சொன்னால் "அது குளோஸ் ஆயிடுச்சே, புதுசா போடுங்க". யார் மூடியது, ஏன் மூடியது, பதில் இல்லை. தளத்துக்காரர்களோ "நாங்கள் இரு தரப்பையும் இணைத்து வைப்பவர்கள் மட்டுமே" என்று ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப அனுப்பினார்கள், மனுஷன் அனுப்பினானா இயந்திரம் அனுப்பியதா என்றே தெரியவில்லை. 40,000 எங்கே என்று கேட்டால் ஒப்பந்தத்தைப் படிக்கச் சொல்கிறார்கள். முன்பணம் "ஒப்பந்தக் காலம் முழுவதும் விளம்பரம் காட்சியில் இருந்தால்" மட்டும் திரும்புமாம். அதிகாரி கழற்றச் சொல்லிக் கழற்றினேன் ஐயா! அதற்கும் பதில் வைத்திருக்கிறார்கள், சட்டப்படி நடப்பது வண்டி உரிமையாளர் பொறுப்பாம்.

கடைசியில் அந்த ஏஜென்சி ஆளே ஒரு நாள் போனை எடுத்தார். எடுத்து எனக்கே பாடம் நடத்துகிறார். "டெலிவரி வண்டி எல்லாம் கம்பெனி பேரை ஒட்டிக்கிட்டுத்தானே ஓடுது, அவனை யாரு கேக்கறா? ஆபீஸ்ல போய்ச் சண்டை போடுங்க அண்ணே, ஜெயிச்சிரலாம்." எரிச்சலில் தேடிப் படித்தேன். இதே வாதத்தை நியூயார்க்கில் ஒரு பார்சல் கம்பெனி அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரைக்கும் கொண்டுபோய் 1949-ல் தோற்றிருக்கிறது. சுமார் 1,900 லாரி வைத்திருந்த கம்பெனி, லாரியின் பக்கவாட்டை அடுத்தவர் விளம்பரத்துக்கு வாடகைக்கு விட்டது. நகரத்தின் விதியோ, தன் தொழிலுக்கு ஓடுகிற வண்டியில் தன் தொழிலின் பேரைப் போடலாம், ஆனால் வண்டியை விளம்பரத்துக்கு வாடகைக்கு விடக்கூடாது என்றது. சாலையில் கவனம் சிதறும் என்பது காரணம். அடுத்தவர் விளம்பரம் மட்டும் தனியாகக் கவனத்தைச் சிதறடிக்குமா என்று கேட்டால் நியாயமான கேள்விதான், எனக்கும் அந்தப் பாகுபாடு முழுசாக ஒப்பவில்லை. ஆனாலும் கோர்ட் நகரத்தின் பக்கம்தான் நின்றது. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே அந்தக் கதி, நான் ஒற்றை டாக்சியை வைத்துக்கொண்டு சண்டை போட்டு ஜெயிக்க வேண்டுமாம்!

இதோடு விட்டாரா? "மேல போர்டு வேணாம்னா உள்ளே டேப்லெட் மாட்டித் தர்றோம், பயணி பார்க்கிற மாதிரி விளம்பரம் ஓடும், அதுக்கு யார் அனுமதியும் வேண்டாம், அந்த 40,000 அதுலயே கழிஞ்சிரும்" என்று அடுத்த வலை. இதற்கும் அதே நியூயார்க்தான் பதில். ஆப் வழியாக ஓடுகிற வாடகைக் கார்களுக்குள் விளம்பரம் கூடாது என்று அந்த நகரம் விதி வைத்திருந்தது, டேப்லெட் மாட்ட நினைத்த ஒரு கம்பெனி வழக்குப் போட்டது, 2019-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் விதி செல்லும் என்றுவிட்டது. உங்கள் ஊரில் விதி வேறாக இருக்கலாம், இருக்கும். ஆனால் வண்டிக்கு உள்ளே என்பதாலேயே யாரும் கேட்க மாட்டார்கள் என்று ஒருவன் சொன்னால் அவனை நம்பாதீர்கள்.

இப்போது நிலவரம்: ஸ்டிக்கரை உரித்தபோது இடது பின் கதவில் உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்ட் கூடவே வந்துவிட்டது. மேற்கூரைத் துளைகளில் பட்டி அடைத்தும் மழை பெய்தால் பின் சீட் நனைகிறது, பயணிகள் முகம் சுளிக்கிறார்கள். போர்டு மாட்டியதை இன்சூரன்ஸுக்குச் சொல்லவில்லையா என்று பட்டறையில் ஒருவர் கேட்டார், அந்தக் கேள்விக்குள் போகவே பயமாக இருக்கிறது. போலீசில் எழுதிக் கொடுத்திருக்கிறேன், நுகர்வோர் மன்றத்துக்கும் போகப் போகிறேன். 40,000 வருமா என்று என்னைக் கேட்காதீர்கள்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன், பொறுமை இல்லை. ஆணையின் முதல் பக்கத்தைக் கேளுங்கள், அதில் உங்கள் வண்டி எண் இல்லை என்றால் அது வெறும் காகிதம். உரிம எண், டாப் லைட், விளக்குகள், பின் கண்ணாடி, இதில் எதை மறைத்தாலும் மாட்ட விடாதீர்கள். தகட்டில் துளை போட விடவே விடாதீர்கள். அபராதம் வந்தால் யார் கட்டுவது என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள், மழுப்பினால் அனுப்பிவிடுங்கள். நம் வண்டியில் இடம் கேட்கிறவன்தான் நமக்குக் காசு தர வேண்டும், நம்மிடம் முன்பணம் கேட்டால் அங்கேயே பேச்சை முடியுங்கள். ஏற்கெனவே யாராவது கட்டிவிட்டு ஆள் வருவதற்குக் காத்திருந்தால், டிரில்லிங் மெஷின் வீட்டு வாசலுக்கு வருவதற்கு முன்னால் உள்ளாட்சி அலுவலகத்துக்குப் போய்க் கேட்டுவிடுங்கள். போனில் கேட்காதீர்கள், நேரில் போங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள்.