60 யூரோ டிக்கெட்டுக்கு 1,15,000 ரூபாய்: திருகோணமலை ஆட்கள் கவனம்

இன்று சனிக்கிழமை. புதன் இரவு பட்ட கடுப்பு இன்னும் ஆறவில்லை. வார்த்தை தடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி பரிஸில், லாச்சப்பல் பக்கம் இருக்கிறான். ஏகாம்பரம் மைதானத்தில் பந்து அடித்த காலத்திலிருந்தே நாங்கள் இருவரும் இங்கிலாந்தின் லிவர்பூல் உதைபந்தாட்ட அணிக்குப் பைத்தியம். 2025 மார்ச் 5ஆம் திகதி, ஐரோப்பிய கிளப்புகள் மோதுகிற சாம்பியன்ஸ் லீக்கில், பரிஸ் அணியான பிஎஸ்ஜியோடு ஆட லிவர்பூல் அவன் ஊருக்கே போகிறது என்றதும், பிறந்தநாள் பரிசாக டிக்கெட் எடுத்துக் கொடுக்க ஆசைப்பட்டேன். அதுவும் லிவர்பூல் ரசிகர்கள் நிற்கிற பக்கத்தில்.

டவுனில் விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கிற கடை ஒன்று. அம்மா சிதம்பரம் போனதெல்லாம் அங்கே எடுத்த டிக்கெட்டில்தான். முதலாளி பிளேன்டீ தந்து, தன்னுடைய லண்டன் ஆள் மைதானத்தில் நின்று எடுத்த படங்களைக் காட்டினார். "அம்மான்ர டிக்கெட்டில எப்பவாவது பிழை வந்ததோ தம்பி?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் விழுந்தவன்தான். 1,15,000 ரூபாயைக் காசாக எண்ணிக் கொடுத்தேன். சீல் குத்திய துண்டு தந்தார். அதில் "சேவைக் கட்டணம்" என்று மட்டும் எழுதியிருப்பதை இப்போதுதான் பார்க்கிறேன்.

எங்கள் நேரப்படி அதிகாலை 1.30க்கு ஆட்டம். ஒரு மணிக்குத் தம்பியின் போன் அழைப்பு வந்தது. வாசலில் ஸ்கேன் பண்ணினால் சிவப்பு விளக்கு. அந்த டிக்கெட்டில் ஏற்கெனவே யாரோ உள்ளே போய்விட்டார்களாம். 87ஆவது நிமிடத்தில் ஹார்வி எலியட் அடித்த ஒரே கோலை, பரிஸில் நிற்கிறவனுக்குத் திருகோணமலையில் இருந்து நான் போனில் சொன்னேன்.

பிறகுதான் விபரம் தேடினேன். வெளியூர் அணியின் ரசிகர்களுக்கு மைதானத்தில் 5 சதவீத இடம்தான். 2024/25 பருவத்தில் அந்த டிக்கெட்டுக்கு 60 யூரோவுக்கு மேல் வாங்கக் கூடாது என்பது ஐரோப்பிய உதைபந்தாட்டச் சங்கமான யூஃபாவின் விதி. எங்கள் காசுக்கு 19,000 அளவில் வரும். அதையும் முன்பு ஐரோப்பிய ஆட்டங்களுக்குப் போன ஆட்களுக்குத்தான் கிளப் முதலில் கொடுக்கும். கடைக்காரர் கைக்கு அது எப்படி வரும்?

வியாழன் போனேன். "லண்டன் ஆள் போன் எடுக்கேல்லை, நாளைக்கு வாங்கோ." நேற்றுப் போனால் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. வேலைப் பொடியன் "முதலாளி கண்டிக்குப் போட்டார்" என்கிறான், உள்ளே அவருடைய இருமல் கேட்கிறது. இரவு ஒரு வொய்ஸ் மெசேஜ்: "டிக்கெட் குடுத்தனாங்கள்தானே, அவங்கள் உள்ள விடாதது எங்கட பிழையோ?" 1,15,000 ரூபாய் ஐயா!

சரியாக எப்படி எடுப்பது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. கிளப்பைத் தவிர வேறு யாரிடமும் எடுக்காதீர்கள். காசாகக் கொடுக்காதீர்கள். துண்டில் எந்த ஆட்டம், எந்த இருக்கை என்று எழுதி வாங்குங்கள். திங்கள் காலை பொலிஸுக்குப் போகிறேன்.

அடுத்த ஆட்டம் லிவர்பூலின் சொந்த மைதானமான அன்ஃபீல்டில். இதை எழுதும்போதும் அந்தக் கடை முதலாளியின் வட்சப் ஸ்டேட்டஸில் "11ஆம் திகதி அன்ஃபீல்ட் டிக்கெட், இரண்டே இரண்டு" என்று கிடக்கிறது.