கன்சல்டேஷன் முடிஞ்சு எத்தனை நாளில ஒப்பரேசன்: அடுத்த நாளா, ஆறு கிழமை கழிச்சா?

ரெண்டாவது பிள்ளையும் சிசேரியன்தான். அதுக்குப் பிறகு அடிவயிறு மடிஞ்சு தொங்கத் தொடங்கி, மடிப்புக்குள்ள வேர்த்து வேர்த்துப் புண்ணாகி, திருகோணமலை வெயிலுக்கு அது என்ன பாடுபடுத்தும் எண்டு அனுபவிச்சவைக்குத்தான் தெரியும். நாலு வருசம் யோசிச்சுப்போட்டு போன வருசம் டம்மி டக் செய்தனான், தொங்கிற தோலை வெட்டி எடுத்து விலகிப்போன வயித்துத் தசையை இழுத்துத் தைக்கிற ஒப்பரேசன். செய்யிறதா விடுறதா எண்ட முடிவை விட, டொக்டரைக் கண்டு எத்தனை நாளில செய்யிறது எண்டதுதான் எனக்குப் பெரிய தலையிடியா இருந்தது.

கையில ரெண்டு வழி இருந்தது. ஒண்டு சென்னைப் பக்கேஜ். வாட்ஸப்பில போட்டோ அனுப்பினா வீடியோ கோல்ல டொக்டர் பத்து நிமிசம் கதைப்பார், திங்கள் போய் இறங்கினா செவ்வாய் நேரில பார்த்து புதன் ஒப்பரேசன், பன்னிரண்டாம் நாள் வீட்ட வரலாம். மற்றது கொழும்பில சனல் பண்ணி, அதாவது தனியார் ஆஸ்பத்திரியில டொக்டரைக் காண நம்பர் எடுத்து, ஒருக்காப் போய்க் காட்டி, டெஸ்டெல்லாம் செய்து திரும்பவும் ஒருக்காப் போய், அதுக்குப் பிறகுதான் திகதி. நான் கொழும்பைத்தான் எடுத்தனான், முதல் சந்திப்புக்கும் ஒப்பரேசனுக்கும் இடையில சரியா ஆறரைக் கிழமை போச்சு.

பக்கேஜில நல்லது இல்லை எண்டில்லை. ஒரே லீவு, ஒரே பயணம், கனடாவில இருந்து மூண்டு கிழமை லீவில வாறவைக்கு வேற வழியும் கிடையாது. கொழும்புக்கெண்டா ஒவ்வொரு தரமும் இரவு பஸ் ஏறி கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை எண்டு விடிய விடியக் குலுங்கிப் போக வேணும், பத்து நிமிசக் கதைக்காக. செலவு அவரவர் கேட்டுப் பாருங்கோ, மாசத்துக்கு மாசம் மாறுது.

ஆனா என்னைத் திருப்பினது ரத்தம்.

முதல் நாளே டொக்டர் ஒரு துண்டில டெஸ்டுகளை எழுதித் தந்து, "ஊரிலயே செய்துகொண்டு வாங்கோ அம்மா" எண்டார். இஞ்ச லாப்பில குடுத்தா ஹீமோகுளோபின் 9.4. பெம்பிளையளுக்கு 12க்குக் கீழ எண்டாலே ரத்தசோகை எண்டுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்லுது. எனக்குக் களைப்பு இருந்தது உண்மை, ரெண்டு பிள்ளையளோட ஆருக்குத்தான் களைப்பில்லை எண்டு விட்டிட்டன். ரிசல்ட்டைப் பார்த்திட்டு அவர், "இந்த ரத்தத்தோட உங்களை மேசையில ஏத்தமாட்டன்" எண்டு நேராவே சொன்னார். இடுப்பின்ர ஒரு கரையில இருந்து மற்றக் கரை மட்டும் வெட்டுற ஒப்பரேசன், ரத்தம் போகும், ஏற்கனவே குறைவா இருந்தா ரத்தம் ஏத்த வேண்டி வரலாம், இழுத்துத் தைச்ச தோல் ஆறுறதுக்கும் ரத்தம்தான் ஒட்சிசனைக் கொண்டு போக வேணும்.

பிறகென்ன, இரும்புச்சத்துக் குளிசை. காலமை வெறும் வயித்தில தேசிக்காய்த் தண்ணியோட ஒண்டு, அதுக்குப் பிறகு ஒரு மணித்தியாலத்துக்கு பிளேன்ரீ குடிக்கக்கூடாது, தேயிலை இரும்பை உடம்பில சேரவிடாது. எழும்பின உடனே பிளேன்ரீ குடிச்சுப் பழகின எனக்கு அந்த ஒரு மணித்தியாலம்தான் பெரிய தண்டனை, அடுப்படியில கேத்திலைப் பார்த்துக்கொண்டு நிப்பன். ஆறாவது கிழமை திரும்ப எடுத்த ரத்தத்தில 12.1 எண்டு பார்த்தபிறகுதான் திகதி தந்தவை.

ரத்த டெஸ்ட் எப்ப செய்வியள் எண்டு பக்கேஜ்காரரிட்டையும் கேட்டனான். "அதெல்லாம் வந்து இறங்கினப்பிறகு பார்ப்பம் மேடம்" எண்டினம். பார்த்துக் குறைவெண்டா? ஒப்பரேசனைத் தள்ளிப்போட்டா கட்டின அட்வான்ஸ் திரும்பாது. காசும் கட்டி பிளேனும் ஏறிப் போய் நிக்கிற ஒரு ஆள் அந்த நேரம் "வேண்டாம், ஊருக்குப் போறன்" எண்டு சொல்லுமா? நான் சொல்லியிருக்கமாட்டன்.

ரத்தம் மட்டுமில்லை, உடம்பில ஒவ்வொண்டுக்கும் ஒவ்வொரு தவணை இருக்கு. சிகரெட் குறைஞ்சது நாலு கிழமை முன்னம் விட வேணும், நிக்கொட்டீன் தோலுக்குப் போற ரத்தக்குழாயைச் சுருக்கி வெட்டின ஓரத்தைக் கறுக்கப் பண்ணிப்போடும். ஈஸ்ட்ரஜன் ஓமோன் உள்ள கருத்தடைக் குளிசை எடுக்கிறவையை நாலு கிழமை முன்னமே நிப்பாட்டச் சொல்லுறது வழமை, காலில ரத்தம் கட்டிப்போகும் எண்ட பயம். அஸ்பிரின், மீனெண்ணெய், உள்ளிக் குளிசை எல்லாம் ஒண்டு ரெண்டு கிழமை முன்னம், ஆனா இருதயத்துக்கு அஸ்பிரின் எடுக்கிறவை தாங்களா நிப்பாட்டக்கூடாது, டொக்டரைக் கேட்டுத்தான். சீனி வருத்தம் உள்ளவைக்கு மூண்டு மாசச் சராசரி காட்டுற டெஸ்ட் ஒண்டு இருக்கு, அது ஒரு கிழமையில இறங்காது. செவ்வாய் கண்டு புதன் வெட்டினா இதில எதுக்கு நேரம் கிடைக்கும்?

வெளிநாடுகளில அழகுக்குச் செய்யிற ஒப்பரேசனுக்கு இந்த இடைவெளியைச் சட்டமாயும் வழிகாட்டலாயும் போட்டே வச்சிருக்கினம். பிரான்ஸில விலை எழுதித் தந்ததுக்கும் ஒப்பரேசனுக்கும் இடையில 15 நாள் கட்டாயம். பிரிட்டன்ல ரெண்டு கிழமையாவது யோசிக்க விட வேணும் எண்டு சத்திரசிகிச்சை நிபுணர்களின்ர கல்லூரி சொல்லுது. ஆஸ்திரேலியாவில 2023 ஜூலையில இருந்து ரெண்டு சந்திப்பு வேணும், முதல் சந்திப்பில கையெழுத்து வாங்கேலாது, சம்மதம் குடுத்தபிறகும் 7 நாள் பொறுக்க வேணும், 18 வயசுக்குக் குறைஞ்சவைக்கு மூண்டு மாசம்.

அந்த இடைவெளியில வீட்டுக்கதையும் ஒண்டு முடிஞ்சுது. முதல் சந்திப்பு முடிஞ்சு வாற பஸ்ஸில, ஹபரணையில ரீ குடிக்க நிப்பாட்டேக்க என்ர மனுசன் மெதுவா, "இஞ்சேரும், இன்னொரு பிள்ளை எண்டு வந்தா என்ன செய்யிறது?" எண்டார். நாலு வருசமா நாங்கள் வாய் திறக்காத விசயம். திரும்பவும் கர்ப்பமானா தைச்ச தசை இளகும், பிள்ளைப்பேறு முடிஞ்சபிறகு செய்யிறதுதான் நல்லம் எண்டு டொக்டர் சொன்னதை இவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தவர். ரெண்டு கிழமை கதைச்சு, ரெண்டு போதும் எண்டு முடிவெடுத்த பிறகுதான் ரெண்டாம் தரம் போனம். அடுத்த நாளே செய்திருந்தா இந்தக் கதை தையல் போட்டபிறகுதான் வந்திருக்கும்.

என்ர மச்சாள் பக்கேஜில போய் இதே ஒப்பரேசன்தான் செய்தவ. வெட்டு வலு நேர்த்தி, தையலில குறை சொல்லேலாது. வீட்ட வந்து நாலாம் நாள் தோலுக்குக் கீழ நீர் கட்டிப்போச்சு. இது ஆர் செய்தாலும் வரக்கூடியதுதான், ஊசியால எடுத்தாச் சரி. ஆனா செய்த டொக்டர் கடலுக்கு அந்தப்பக்கம், போட்டோ அனுப்பிப்போட்டு மறுமொழிக்குக் காத்திருந்தவ, கடைசியில இஞ்ச வேற ஒரு சேர்ஜனிட்டத்தான் ஓடினது. எனக்குக் கொழும்பும் கிட்ட இல்லைத்தான், வெட்டின இடத்து நீர் வடிய வச்ச குழாயைக் கழட்டும் மட்டும் பெரியம்மா வீட்டில பத்து நாள் நிண்டனான்.

மூக்கு, கண் இமை மாதிரி வேலையளுக்கு என்ன கணக்கெண்டு அனுபவத்தில சொல்ல என்னால ஏலாது. மச்சம் எடுக்கிறது மாதிரி விறைக்கப்பண்ணிச் செய்யிற சின்ன வேலையை அண்டைக்கே செய்தாலும் நான் பயப்படமாட்டன். என்ர தழும்பு எட்டு மாசமாகியும் இன்னும் சிவப்புத்தான், அது அடங்க ஒரு வருசத்துக்கு மேலயும் எடுக்குமாம், அதால முடிவு எப்பிடி எண்டு இப்ப அடிச்சுச் சொல்லமாட்டன்.

சென்னைதான் வசதி எண்டு நிக்கிறவை அட்வான்ஸ் கட்டமுதல், போறதுக்கு ரெண்டு மாசம் இருக்கேக்கயே இஞ்ச ரத்தத்தைக் குடுத்துப் பாருங்கோ. ஹீமோகுளோபின், சீனி, ஈசிஜி மூண்டும் ஒரு காலமைக்குள்ள முடிஞ்சிடும், அந்த ரிசல்ட்டை அனுப்பி டொக்டர் பார்த்துச் சொன்னபிறகு டிக்கெட் போடுங்கோ.