மரைன் டேங்க் (கடல் மீன் தொட்டி) கலங்கலுக்கு வாங்குன கிளாரிஃபையர் (தண்ணிய தெளிய வைக்கிற மருந்து): பாதி ஓகே, பாதி வேஸ்ட்

புது உப்புத்தண்ணி டேங்க்ல அரகோனைட் மணல் (ஒரு வகை சுண்ணாம்பு மணல்) போட்டதும் தண்ணி மோர் மாதிரி ஆயிடும்ல, அதுக்குத்தான் இத வாங்குனேன். மணல் தூசிக்கு நல்லாவே கேக்குது, ஊத்துன கொஞ்ச நேரத்துல தூசியெல்லாம் கொத்துக்கொத்தா சேந்து ஃபில்டர் பஞ்சுல மாட்டிக்குது, பஞ்ச அன்னைக்கே கழட்டி அலசணும் இல்லன்னா திரும்ப கலங்கும். ஆனா ஸ்கிம்மர (நுரை மூலமா அழுக்க எடுக்குற மெஷின்) ஆஃப் பண்ணிட்டு ஊத்துங்க, நான் பண்ணல, நுரை பொங்கி கப்பு வழிஞ்சு கீழ கேபினெட்டெல்லாம் ஈரம், பாட்டில்ல இதப்பத்தி ஒரு வரி இல்ல, அதுக்கே ஒரு ஸ்டார் கட்.

சில நாள் கழிச்சு வருமே ஒரு வெள்ளைக் கலங்கல், அது பாக்டீரியா. அதுக்கு இது வேஸ்ட், தெளிஞ்ச மாதிரி தெளிஞ்சு மறுபடி வந்துடும். தண்ணிக்குள்ள காத்து நல்லா போகவிட்டு அம்மோனியா மட்டும் டெஸ்ட் பண்ணிட்டு சும்மா விடுங்க, தானா போயிடும். உப்ப தனி பக்கெட்ல கரைச்சு ஒப்படர்த்தி (உப்பு அளவு காட்டுற எண்) 1.025 வந்தப்புறம் டேங்க்ல ஊத்துனா கரையாத உப்பால வர்ற கலங்கல் இருக்காது, இந்த பாட்டில் செலவும் குறையும்.