விறகு பிளக்க இரும்பு ஆப்பா, திருகுக் கூம்பு இயந்திரமா?

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது, பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் தோப்பில் இரண்டு மாமரங்களும் ஒரு புளியமரமும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்களும் விழுந்து கிடந்ததால் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்போது கைகொடுத்தவை, பழைய லாரி ஆக்ஸிலைக் காய்ச்சிக் கொல்லர் அடித்துத் தந்த மூன்று ஆப்புகளும் ஒரு சம்மட்டியும்தான். பின்னர் மைத்துனர் மோட்டாரில் சுழலும் இரும்புக் கூம்பு கட்டைக்குள் திருகி ஏறிப் பிளக்கும் திருகுக் கூம்பு இயந்திரம் ஒன்றை வாங்கினார். இரண்டிலும் விறகு பிளந்து பார்த்தவன் என்ற முறையில், வீட்டுக்கு நான் பரிந்துரைப்பது ஆப்பையே.

வேகத்தில் இயந்திரத்தோடு போட்டி போட முடியாது. கூம்பின் மரை கட்டைக்குள் ஏற ஏற, நேரான நார் உள்ள சவுக்கு படீரென்று பிளந்துவிடும். தினமும் வண்டி வண்டியாகப் பிளந்து விற்கும் விறகு வாடிக்கு அதுதான் சரி.

வீட்டில் கதை வேறு. நெல் அவிக்கவும் வெந்நீர் போடவும் ஆண்டுக்குப் பத்து நாள் பிளந்தால் போதும்; மீதி நாளெல்லாம் இயந்திரம் கொட்டகையில் கிடக்கிறது. கிடக்கும் இயந்திரத்துக்குத்தான் பராமரிப்பு அதிகம். ஒரு மழைக்காலம் முடிந்து எடுத்தபோது கூம்பில் துரு ஏறியிருந்தது, பெல்ட் வழுக்கியது, வயரை எலி கடித்திருந்தது. முனை மழுங்கினால் கட்டையைக் கவ்வாமல் மேலேயே சுற்றும். லேத் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஆப்புக்கு இவை எதுவும் இல்லை. அடிபட்டு அடிபட்டு அதன் தலை காளான் போல விரியும். அந்த விளிம்பை மட்டும் அவ்வப்போது ராவிவிட வேண்டும். விட்டுவைத்தால் சில்லு தெறித்துக் கண்ணைப் பதம் பார்க்கும். சம்மட்டிக் காம்பு ஆடினால் சிராய் வைத்து இறுக்கினால் போதும்.

புளியங்கட்டை, இயந்திரம் ஆப்பு இரண்டையுமே சோதித்தது. பின்னிய நாரில் கூம்பு இறுகி நின்றுவிட்டது. முதல் ஆப்பும் சிக்கத்தான் செய்தது. ஆனால் வெடிப்பின் நுனியில் இரண்டாவதை இறக்கியதும் முதலாவது தானே தளர்ந்தது. ஒற்றை ஆப்போடு தொடங்காதீர்கள். கணு இல்லாத பக்கமாக, ஏற்கெனவே உள்ள வெடிப்பில் வையுங்கள். ஆப்பு சிக்கினால் கோடாலியின் பின்தலையால் அடிக்காதீர்கள், காம்புத் துளை விரிசல் விடும். பாதி பிளந்த கட்டைக்குள் கைவிட்டு ஆப்பை அசைப்பதும் கூடாது; ஆப்பசைத்த குரங்கின் கதை நமக்குத் தெரிந்ததுதானே.

இயந்திரத்தில் எனக்குள்ள பெரிய பயம் துணி. வேட்டி நுனியோ தோள் துண்டோ கூம்பில் சிக்கினால் ஆளையே இழுத்துவிடும். பிள்ளைகள் நடமாடும் முற்றத்தில் அதை ஓட்ட எனக்கு மனமில்லை.

எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் இயந்திரத்தை ஒரு வாடியில் ஒரு நாள் மட்டுமே இயக்கியிருக்கிறேன். நிதானமாக அழுத்தியது, புளியையும் பிளந்தது. எண்ணெய், குழாய், சீல் என்று அதற்கும் பராமரிப்பு உண்டு. ஒரு நாள் பழக்கத்தை வைத்து அதற்கு மேல் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். சம்மட்டி தூக்கத் தோள் இடம் கொடுக்காதவர்கள் அதை ஒருமுறை நேரில் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.